குதங்களும் எண்களும்: 32 பிட்டா, 64 பிட்டா என்ற கேள்விக்குப் பின்னால்

மூதூரில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை போன மாதம் தன் லப்டொப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அண்ணா, 4 ஜீபி ரேம் எண்டு சொல்லித்தான் தந்தவங்க. உள்ளுக்குப் பார்த்தா 3.25 எண்டு காட்டுது. ஏமாத்திப்போட்டாங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். 4 ஜீபி துண்டு சரியாகவே செருகியிருந்தது. புரொசசரும் 64 பிட் தான். அதில் போட்டிருந்த விண்டோஸ் 10 மட்டும் 32 பிட். யாரோ எப்போதோ கையில் கிடைத்த பென்டிரைவிலிருந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். முக்கால் ஜீபி நினைவகம் பெட்டிக்குள்ளேயே இருந்தும் பெட்டிக்கே தெரியாமல் இருந்தது.

இந்த 32, 64 என்ற எண்களை நம் ஊர்க் கடைகளில் எல்லோரும் சொல்கிறார்கள். "64 போட்டால் வேகம்", "பழைய மெசினுக்கு 32 தான் நல்லது" என்று ஆளுக்கொரு தீர்ப்பும் இருக்கிறது. இரண்டிலும் பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் போட்டால் இந்தப் பிள்ளைக்கு நடந்தது போலத்தான் நடக்கும்.

திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் போனவர்களுக்கு எண்ணெய்க் குதங்கள், அதாவது பெரிய எண்ணெய்த் தாங்கிகள், தெரியும். பிரிட்டிஷ்காரர் காலத்தில் கட்டியவை. 99 குதங்கள் என்பது ஊரறிந்த கணக்கு. அவற்றைக் குறித்துவைக்கும் பதிவுப் புத்தகத்தில் குத எண்ணுக்கென்று இரண்டே இரண்டு கட்டங்கள் அச்சடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 00 முதல் 99 வரை நூறு எண்கள் எழுதலாம். 99 குதங்களுக்கும் எண் கொடுத்த பிறகு ஒரே ஒரு எண் மிஞ்சும். அதற்கு மேல் இன்னும் இரண்டு குதம் கட்டினால், ஒன்றை எழுத இடமிருக்காது. குதம் நிலத்தில் நிற்கும், எண்ணெயும் நிரப்பலாம், ஆனால் புத்தகத்தில் அது இல்லை. யாரும் போய் அதிலிருந்து எண்ணெய் எடுக்க முடியாது.

கணினியின் நினைவகமும் இப்படித்தான். ஒவ்வொரு பைட்டுக்கும் (8 பிட் கொண்ட ஒரு சின்ன அறை) ஓர் எண், அதாவது முகவரி, உண்டு. பிட் என்பது இங்கே ஒரு கட்டம். அதில் 0 அல்லது 1 மட்டும் எழுதலாம் என்பதால் ஒவ்வொரு கட்டம் கூடும்போதும் எண்களின் தொகை இரண்டு மடங்காகும். 16 கட்டம் இருந்தால் 65,536 எண்கள். 32 கட்டம் இருந்தால் 4,294,967,296, அதாவது 429 கோடிக்கு மேல். அதுதான் 4 ஜீபி. இந்த 4 ஜீபியை எந்த நிறுவனமும் நினைத்து நினைத்துத் தீர்மானிக்கவில்லை. 2-ஐ 32 தடவை பெருக்கினால் வரும் விடை அது.

அப்படியானால் 4 ஜீபி முழுதும் தெரிய வேண்டுமே, 3.25 ஏன்? அந்த எண்கள் நினைவகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, வலையமைப்பு அட்டை, யூஎஸ்பி என்று பெட்டிக்குள் இருக்கும் மற்ற உறுப்புகளையும் புரொசசர் அதே எண்களால்தான் கூப்பிடுகிறது. குதப் புத்தகத்தில் சில எண்களைப் பம்ப் அறைக்கும் படலைக்கும் ஒதுக்கிவிட்டால் குதங்களுக்கு அத்தனை எண் குறையும் அல்லவா, அதே கதை. மேலே இருக்கும் முக்கால் ஜீபி எண்கள் உறுப்புகளுக்குப் போய்விட்டன.

1981-இல் வந்த ஐபிஎம் பீசியிலும் இதே சங்கடம் இருந்தது. அதன் இன்டெல் 8088 புரொசசர் 20 பிட் முகவரி எழுதும், அதாவது 1 மெகாபைட். அதில் மேலே இருந்த 384 கிலோபைட்டைத் திரைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ஒதுக்கிவிட்டு, நிரல்களுக்கு 640 கிலோபைட் விட்டார்கள். அந்த 640 என்ற வேலிக்குள் உலகமே பத்து வருடத்துக்கு மேல் கஷ்டப்பட்டது.

32 பிட்டிலும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க ஒரு வழி இருந்தது. 1995-இல் வந்த பென்டியம் புரோ 36 பிட் முகவரியால் 64 ஜீபி வரை தொடக்கூடியது. லினக்சும் விண்டோஸின் சர்வர் பதிப்புகள் சிலவும் அதைப் பயன்படுத்தின. வீட்டுப் பாவனைக்கான 32 பிட் விண்டோஸில் மைக்ரோசொப்ட் அதைத் திறந்துவிடவில்லை. 4 ஜீபிக்கு மேலான முகவரியைக் கண்டதும் தடுமாறி விழும் டிரைவர்கள், அதாவது பிரின்டர் போன்ற உறுப்புகளை இயக்கும் நிரல்கள், ஏராளமாக இருந்ததே காரணம். தவிர, ஒரு தனி நிரல் காணக்கூடிய இடம் அப்போதும் 4 ஜீபி தான். 32 பிட் விண்டோஸில் அதிலும் பாதியை இயங்குதளம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், நிரலுக்கு வழக்கமாக 2 ஜீபி.

சரி, "பிட்" என்பது முகவரியை மட்டும் குறிப்பதா? இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். புரொசசர் ஒரே எட்டில் கூட்டிக் கழிக்கும் எண்ணின் அகலம் ஒன்று. கணினிக்காரர்கள் அதைத்தான் "சொல்" என்பார்கள். முகவரியின் அகலம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 1964 ஏப்ரல் 7-ஆம் திகதி ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தில் சொல் 32 பிட், முகவரி 24 பிட். இன்று நம் மேசையில் இருக்கும் 64 பிட் புரொசசர்களும் பெரும்பாலும் 48 பிட் முகவரியைத்தான் பயன்படுத்துகின்றன. அதுவே 256 டெராபைட். 64 கட்டத்தையும் நிரப்பும் அளவுக்கு நினைவகம் எந்த வீட்டிலும் இல்லை என்பதால் மேல் கட்டங்களைச் சும்மா விட்டிருக்கிறார்கள்.

அந்த சிஸ்டம்/360-க்கு முன்னால் அகலங்கள் கண்டபடி இருந்தன. ஐபிஎம்மின் விஞ்ஞானக் கணினிகள் 36 பிட். அக்காலத்து மேசைக் கணிப்பான்கள் பத்து இலக்கம் வரை கணக்குப் பார்த்தன. அதற்குச் சளைக்காமல் பத்து இலக்க எண்ணையும் கூட்டல் கழித்தல் குறியையும் ஒரே சொல்லில் வைக்க 35, 36 பிட் வேண்டியிருந்தது. எழுத்துக்கு 6 பிட் கொடுத்தார்கள், ஆறு எழுத்து ஒரு சொல்லுக்குள் கச்சிதமாக அடங்கியது. 6 பிட்டில் 64 வடிவங்கள் தான் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து, இலக்கம், சில குறிகள், அவ்வளவோடு சரி. சின்ன எழுத்துக்கே இடமில்லை. சிஸ்டம்/360 எழுத்துக்கு 8 பிட் என்று முடிவெடுத்து, அதன் நான்கு மடங்கைச் சொல்லாக வைத்தது. இன்று நாம் சொல்லும் 8, 16, 32, 64 என்ற படிவரிசை உலகம் முழுக்க நிலைத்ததில் அந்த ஒரு முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழில் தட்டச்சு செய்கிறவன் என்பதால் இதில் எனக்கு ஒரு தனி அக்கறை. 8 பிட்டில் 256 இடம். நம் எழுத்து 247. பார்த்தால் அடங்கும் போலத் தோன்றும். ஆனால் அந்த 256-இல் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விட்டது. அதனால்தான் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் குப்பை. யுனிகோடு வந்த பிறகு இன்று பெரும்பாலும் கோப்புகளில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கிறது. "திருகோணமலை" என்று எழுத 10 குறியீடு, 30 பைட். எட்டு பிட் என்ற பழைய அகலத்தின் தடம் நம் கோவில் திருவிழா நோட்டீஸ் வரைக்கும் வந்திருக்கிறது. பழைய நோட்டீஸ் கோப்புகளை இன்னும் மாற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி வேகம். 64 பிட் போட்டால் இரண்டு மடங்கு வேகமா? இல்லை. 25-ஐயும் 17-ஐயும் கூட்ட 32 பிட்டே தாராளம், 64 கட்டம் கொடுத்தால் மீதியெல்லாம் வெறும் பூச்சியம். மிகப் பெரிய எண்கள் வரும் இடத்தில்தான் வித்தியாசம். 64 பிட் எண்ணை 32 பிட் புரொசசரில் கூட்ட வேண்டுமானால் வலப்பாதியை முதலில் கூட்டி, மிஞ்சும் ஒன்றை இடப்பாதிக்குக் கொண்டுபோய் மறுபடி கூட்ட வேண்டும். நாம் தாளில் செய்யும் அதே வேலை. இரகசியக் குறியாக்கம், வீடியோ போன்றவற்றில் இந்த நேர மிச்சம் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு நன்மை பலர் கவனிக்காதது: இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 64 பிட்டை வடிவமைத்தபோது புரொசசருக்குள் இருக்கும் பொதுப் பதிவேடுகளை 8-இலிருந்து 16 ஆக்கியது. கை வைத்து வேலை செய்யும் மேசை இரண்டு மடங்கு பெரிதானது போல. நிரல்கள் கொஞ்சம் வேகமாக ஓடுவதற்கு அகலத்தைவிட இதுவே பல இடங்களில் காரணம்.

அதற்கு விலையும் உண்டு. ஒரு பெயர்ப்பட்டியலை யோசியுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஒரு சின்ன எண், அடுத்த பதிவு எங்கே இருக்கிறது என்று கைகாட்டும் ஒரு முகவரி. 32 பிட்டில் எண்ணுக்கு 4 பைட், முகவரிக்கு 4 பைட், மொத்தம் 8. 64 பிட்டில் முகவரி 8 பைட் ஆகிறது. அது எட்டின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால் நடுவில் 4 பைட் வெறுமையாக விட்டு, மொத்தம் 16. பத்து இலட்சம் பதிவு இருந்தால் 80 இலட்சம் பைட், 160 இலட்சமாகிறது. ஒரு புதுத் தகவல்கூடச் சேரவில்லை. போட்டோவோ பாட்டோ இப்படிப் பெருக்காது, அவை இருந்த அளவிலேயே இருக்கும். ஆனால் பிரவுசர் போன்ற நிரல்களுக்குள் முகவரிகள் நிறைய. 2 ஜீபி மெசினில் 64 பிட் விண்டோஸ் மூச்சு வாங்குவதற்கு இது ஒரு காரணம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசொப்ட் சொன்ன ஆகக் குறைந்த அளவும் 32 பிட்டுக்கு 1 ஜீபி, 64 பிட்டுக்கு 2 ஜீபி.

புரொசசர் முந்திக்கொண்டு போகும், இயங்குதளம் மெதுவாகப் பின்னால் வரும். இன்டெல் 32 பிட் 386-ஐ 1985-இல் கொண்டுவந்தது. சாதாரண வீட்டுக் கணினிகள் அதை உண்மையாகப் பயன்படுத்தத் தொடங்கியது விண்டோஸ் 95-உடன், பத்து வருடம் கழித்து. டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்பா புரொசசர் 1992-இலேயே 64 பிட். அதன் மேல் ஓடிய விண்டோஸ் என்டி 32 பிட். மூதூர்ப் பிள்ளையின் லப்டொப்பில் நான் கண்ட அதே ஜோடி.

64 பிட்டுக்குப் போன பாதையில் இன்டெல் எடுத்த முடிவு நின்று பார்க்க வேண்டியது. எச்பியுடன் சேர்ந்து, 8088-உம் 386-உம் வந்த பழைய எக்ஸ்86 வழியை விட்டு முழுக்கப் புதிய ஒன்றை வடிவமைத்தார்கள். 2001-இல் இட்டானியம் வந்தது. தாளில் பார்த்தால் அழகான வடிவமைப்பு. ஆனால் உலகத்தில் ஏற்கெனவே இருந்த 32 பிட் நிரல்கள் அதில் ஊர்ந்தன. 2003-இல் ஏஎம்டி ஒப்டெரோனையும் அத்லோன் 64-ஐயும் கொண்டுவந்தது. பழைய 32 பிட் நிரல்கள் அதில் அப்படியே முழு வேகத்தில் ஓடின, மேலே 64 பிட்டும் இருந்தது. சனம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடமே இன்டெல் தன் புரொசசர்களில் ஏஎம்டியின் வழியைச் சேர்த்துக்கொண்டது. இட்டானியம் 2021-இல் கப்பலேறுவதை நிறுத்தியது.

இன்டெல் நிறுவனத்தைவிடச் சின்ன அளவில், இதே முடிவை நம் ஊர்க் கடைக்காரர்களும் எடுக்கிறார்கள். என்.சி. வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கொம்யூனிகேஷன் கடையில் பழைய பிரின்டர் ஒன்று இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்க, அது ஓயாமல் அடிக்கும். அதற்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் உண்டு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் ஓடும், 32 பிட் டிரைவர் ஓடாது. டிரைவர் இயங்குதளத்தின் உள்ளுக்குள் போய் உட்காருவது, அதனால் அகலம் பொருந்தியே ஆக வேண்டும். இன்னும் பழையதாக, 16 பிட் காலத்து நிரல் ஏதாவது வைத்திருந்தால் அதுவும் 64 பிட் விண்டோஸில் திறக்காது. அந்தக் கடையில் இரண்டு கணினிகளாகப் பிரித்தோம். இணையத்துக்கும் வாடிக்கையாளருக்கும் 64 பிட், பிரின்டருக்கென்று இணையம் இல்லாத பழைய 32 பிட் ஒன்று. பிரின்டர் உயிரோடு இருக்கும் வரைக்கும் அதுவும் இருக்கும்.

மாற்ற நினைப்பவர் முதலில் புரொசசர் எது என்று பார்க்க வேண்டும். பெயர்கள் ஏமாற்றும். 2006 ஜனவரியில் வந்த கோர் டுவோ 32 பிட், அதே வருடம் ஜூலையில் வந்த கோர் 2 டுவோ 64 பிட். ஒரு "2" தான் வித்தியாசம். 2008-இல் வந்து சின்ன நெட்புக்குகளில் புழங்கிய ஆட்டம் என்270 32 பிட் மட்டும். 2010-இன் என்450 64 பிட்டும் செய்யும். விண்டோஸ் 10-இல் செட்டிங்சுக்குள் சிஸ்டம், அதற்குள் அபவுட் பக்கம் போனால் இரண்டையும் ஒரே வரியில் காட்டும். "32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 (அதாவது 64 பிட்) புரொசசர்" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மாற்ற இடமிருக்கிறது.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. சில மலிவு டாப்லெட்டுகளிலும் மடக்கு லப்டொப்புகளிலும், குறிப்பாக 2013, 2014 காலத்து ஆட்டம் வகைகளில், புரொசசர் 64 பிட்டாக இருக்க, கணினியைத் தொடக்கி வைக்கும் யூஈஎப்ஐ என்ற உள்நிரல் 32 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் ஏற்றும் பென்டிரைவைச் செருகினால் அது கண்டுகொள்ளவே கொள்ளாது. இப்படி ஒன்றோடு ஒரு முழு இரவு மல்லுக்கட்டியிருக்கிறேன். பென்டிரைவில்தான் பிழை என்று நினைத்து மூன்று தடவை எழுதினேன்.

அப்புறம், 32-இலிருந்து 64-க்கு மேலாலே ஏற்ற முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். விண்டோஸ் 10 அனுமதி இரண்டுக்கும் ஒன்றுதான், அதற்காகத் திரும்பக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் கோப்புகளை முன்கூட்டியே வெளியே எடுத்துவைக்காமல் தொடவே கூடாது.

எதைப் போடுவது என்று என்னைக் கேட்டால், 4 ஜீபியும் அதற்கு மேலும் இருந்தால் யோசனையே வேண்டாம், 64. 2 ஜீபி இருந்தால் முதலில் இன்னொரு ரேம் துண்டு போடுங்கள், பிறகு 64. துண்டு போடவே வழியில்லாவிட்டால் பாரம் குறைந்த 64 பிட் லினக்ஸ். 32 பிட் புரொசசர் மட்டுமே உள்ள பெட்டிக்குத்தான் 32. அந்தக் கதவும் மூடிக்கொண்டு வருகிறது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 64 பிட் மட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பை 32 பிட் பீசியில் புதிதாக நிறுவ முடியாது, அதற்கு டெபியன் 12 தான் கடைசி. போனிலும் இதே போக்குத்தான். கூகிள் பிளே 2019 ஓகஸ்டிலிருந்து புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 64 பிட் வடிவத்தையும் தர வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது.

ஆனாலும் 64 பிட் கணினி வாங்கிவிட்டால் அகலப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் கணக்கு மென்பொருளில், வருடக் கூட்டுத்தொகை திடீரென்று மைனஸில் போய்விட்டதென்று கூப்பிட்டார். கணினி புதியது, 64 பிட் விண்டோஸ். மென்பொருளை எழுதியவர் தொகையைச் சதத்தில் ஒரு 32 பிட் எண்ணாக வைத்திருக்கிறார். மைனஸுக்கும் இடம் விட்டால் அதில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் 2,147,483,647. ரூபாயில் 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836, சதம் 47. அதற்கு மேல் ஒரு சதம் கூடினாலும் எண் மறுபக்கம் புரண்டு அதேயளவு மைனஸுக்குப் போய்விடும். அந்த மென்பொருளை எழுதிய காலத்தில் ஒரு கடை வருடத்துக்கு இரண்டு கோடி புரட்டுவது பெரிய விஷயம். இன்றைய விலைவாசியில் அப்படியில்லை. எழுதியவரையே தேடிப் பிடித்து அந்த இடத்தை 64 பிட்டாக மாற்றச் சொன்ன பிறகுதான் கணக்கு நேரானது.

நேரத்துக்கும் இதே கதி காத்திருக்கிறது. பல கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணித்தான் திகதி சொல்கின்றன. அந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருப்பவற்றுக்கு, நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு இடம் முடிகிறது. அடுத்த விநாடி 1901 டிசம்பருக்குப் போய்விடும். லினக்ஸ் 2020-இல் வந்த 5.6 பதிப்பில் 32 பிட் கருவிகளுக்கும் 64 பிட் நேரத்துக்கான வழியைச் செய்துவிட்டது. ஆனால் சுவரில் ஒருதடவை மாட்டிவிட்டு மறந்துபோகும் கமரா பதிவுப் பெட்டிக்கும் வாசலில் விரல் வைக்கும் வரவுப் பெட்டிக்கும் யார் போய்ப் புதுப் பதிப்பு ஏற்றுவார்கள்? போன கிழமை நண்பர் ஒருவரின் கடையில் இருந்த வரவுப் பெட்டியில் திகதியை முன்னே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 2037 டிசம்பர் 31-க்கு அப்பால் அது நகரவில்லை.